70,000 ரூபாய், ஹாஸ்டல், சாலிட்வொர்க்ஸ்: தங்கச்சிக்கு எந்த லேப்டாப் வாங்குவது?

கேள்வியை ஒருமுறை நானே சொல்லிப் பார்க்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள் தம்பி. தங்கச்சி கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் சேர்ந்திருக்கிறார், ஹாஸ்டல். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை திருச்சியில் பஸ் மாறி புதுக்கோட்டை வந்து போவார். கையில் 70,000 ரூபாய். சீனியர்கள் "கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் சாலிட்வொர்க்ஸ் ஓடாது, கேமிங் லேப்டாப் வாங்கு" என்கிறார்கள் (சாலிட்வொர்க்ஸ் என்பது இயந்திர பாகங்களை முப்பரிமாணத்தில் வரையும் மென்பொருள்). சென்னையில் ஐடியில் இருக்கும் உங்கள் மாமா பையன் "இன்னும் கொஞ்சம் போட்டு மேக்புக் ஏர் வாங்கிடு" என்கிறார். அப்பா மட்டும் "முப்பதாயிரத்துக்கே கிடைக்குதே, எதுக்கு இவ்வளவு?" என்கிறார். மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அதனால்தான் உங்களுக்குத் தலை சுற்றுகிறது.

நான் திருச்சியில் பதினாலு வருஷமாக லேப்டாப் பிரித்து மாட்டுகிறவன். புதுசும் விற்கிறேன், ஆனால் எனக்குச் சோறு போடுவது சர்வீஸ்தான். வாங்கிய அன்று பளபளவென்று இருக்கும் லேப்டாப்பை விட, இரண்டு மூன்று வருஷம் கழித்து மூடி உடைந்து, ஃபேன் இரைந்துகொண்டு என் மேஜைக்கு வரும் லேப்டாப்பைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அந்த மேஜையிலிருந்து பார்த்துச் சொல்கிறேன், கடைக்காரன் கண்ணால் அல்ல.

முதலில் ஒரு விஷயம். வேகம், எடை, விலை என்று மூன்றையும் தனித்தனியாக வைத்து யோசித்தால் எந்த முடிவுக்கும் வர முடியாது. மூன்றையும் ஒன்றாகக் கட்டி வைத்திருப்பது சூடுதான். பிராசசர் வேகமாக ஓட மின்சாரம் வேண்டும், அந்த மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும், அதை வெளியே தள்ளச் செம்புக் குழாயும் ஃபேனும் காற்றுப் போக இடமும் வேண்டும். அதெல்லாம் எடை. அதே குளிர்ச்சியை எடை இல்லாமல் செய்யவேண்டும் என்றால் நல்ல உலோக உடம்பு, மெல்லிய ஃபேன், குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதிய தலைமுறை சிப் எல்லாம் வேண்டும், அதெல்லாம் காசு. இன்னொன்று, வேகத்தைக் கொஞ்சம் ஏற்ற வோல்டேஜையும் ஏற்ற வேண்டியிருக்கும், மின்செலவோ வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏறும். கடைசிப் பத்து சதவீத வேகத்துக்கு அதன் அளவுக்கு மீறிச் சூடும் எடையும் போகிறது. அந்தப் பத்து சதவீதம் தங்கச்சிக்கு வேண்டுமா என்பதுதான் நாம் பார்க்கவேண்டியது.

இதை மனதில் வைத்துக்கொண்டு கடைப் பலகையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். "ஐ5" என்று மட்டும் சொன்னால் அதில் ஒரு தகவலும் இல்லை, "டாடா வண்டி" என்பது மாதிரி. நானோவா லாரியா தெரியாது. கடைசி எழுத்தைப் பாருங்கள். ஐ5-1235யு, ஐ5-12450ஹெச் இரண்டும் ஒரே 12-ஆம் தலைமுறை ஐ5. முதலாவதற்கு இன்டெல் கணக்கில் அடிப்படை மின்செலவு 15 வாட், இரண்டாவதற்கு 45 வாட். விற்பனைப் பையன் "சார், இது 10 கோர், அது 8 கோர்தான்" என்று யு சிப்பைக் காட்டுவான். கோர் என்றால் சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் மூளை; அவன் சொல்வது பொய் இல்லை. ஆனால் அந்தப் பத்தில் பெரிய கோர் இரண்டுதான், மீதி எட்டும் சின்னது; எட்டு கோர் சிப்பில் நாலு பெரியது, நாலு சின்னது. தொடர்ந்து அரை மணி நேரம் கனமான வேலை கொடுத்தால் 8 கோர் ஹெச் சிப்தான் முந்தும்.

அப்போ ஹெச் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்யாதீர்கள், இங்கேதான் சுவாரசியம். இரண்டு சிப்பின் உச்ச வேகமும் ஒன்றேதான், 4.4 கிகாஹெர்ட்ஸ். ஆட்டோகேடில் கோடு போடுவது, சாலிட்வொர்க்ஸில் ஒரு பார்ட்டைத் திருத்தி ரீபில்ட் (மாடலை மறுபடி கணக்கிடச் சொல்வது) கொடுப்பது இதெல்லாம் பெரும்பாலும் ஒரே ஒரு கோரில் ஓடுகிற வேலை. ஒரு கோர் மட்டும் ஓடும்போது இரண்டு சிப்புக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் தெரிவது ரெண்டரிங் (மாடலை நிஜப்படம் போல ஆக்குவது), சிமுலேஷன் (பாகம் தாங்குமா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது) என்று எல்லாக் கோரையும் ஒரே நேரத்தில் போட்டு வாட்டும்போதுதான். முதல் வருஷத்தில் அதெல்லாம் வராது. மூன்றாம் வருஷம் வரும்போதும் பெரும்பாலும் கல்லூரி லேபில்தான் உட்காருவார்கள், லைசென்ஸ் அங்கேதான் இருக்கும்.

இன்டெல்லுக்குப் போட்டியாகச் சிப் செய்யும் ஏஎம்டி பக்கம் இன்னும் வேடிக்கை. அவர்களின் 7000 வரிசை ரைசன் சிப்புகளில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள், அதுதான் உள்ளே இருக்கும் வடிவமைப்பின் தலைமுறை. ரைசன் 5 7520யு என்றால் ஜென் 2, நாலு கோர். ரைசன் 5 7530யு என்றால் ஜென் 3, ஆறு கோர். ரைசன் 5 7640ஹெச்எஸ் என்றால் ஜென் 4. முதல் இரண்டின் பெயரில் ஒரு இலக்கம்தான் மாறுகிறது, ஆனால் 7520-க்குள் இருப்பது 2019-இல் வந்த வடிவமைப்பு. மூன்றையும் "ரைசன் 5, ஏழாயிரம் சீரிஸ்" என்று ஒரே வாயால் விற்கிறார்கள். இன்டெல்லும் இதில் சளைத்தது இல்லை. கோர் 5 120யு என்று புதுப்பெயர் சூட்டிய சிப்புக்குள் இருப்பது 13-ஆம் தலைமுறையின் அதே சங்கதிதான். பழசு என்பதால் மோசம் என்று சொல்லவில்லை. பழசுக்குப் புது விலை கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

சரி, கேமிங் லேப்டாப்புக்கு வருவோம். சீனியர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது: உங்கள் பட்ஜெட்டில் அல்லது கொஞ்சம் மேலே போனால் என்விடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் கிராபிக்ஸ் கார்டு போட்ட லேப்டாப் கிடைக்கும், ஒரு ரூபாய்க்கு எவ்வளவு வேகம் என்று பார்த்தால் அதை எதுவும் அடிக்க முடியாது. ஆனால் "சாலிட்வொர்க்ஸுக்கு அது இல்லாமல் முடியாது" என்பது தப்பு. சாலிட்வொர்க்ஸ்காரர்கள் சான்று கொடுக்கும் கார்டுகள் ஒர்க்ஸ்டேஷன் வகை, ஜீஃபோர்ஸ் கேமிங் கார்டு (மேலே சொன்ன ஆர்டிஎக்ஸ் இந்த வகைதான்) அந்தப் பட்டியலிலேயே கிடையாது. நாற்பது ஐம்பது பார்ட் உள்ள மாணவர் அசெம்பிளி எல்லாம் இப்போதைய சிப்போடு சேர்ந்து வரும் கிராபிக்ஸிலேயே ஓடும், 16 ஜிபி ரேம் மட்டும் இருக்கவேண்டும்.

கார்டிலும் அந்த வாட் கதை உண்டு. ஆர்டிஎக்ஸ் 4050 என்று பெயர் ஒன்றுதான், ஆனால் என்விடியா அதற்கு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை கொடுக்க லேப்டாப் கம்பெனிக்கு அனுமதி தருகிறது. பெட்டியில் பெரிதாக எழுதியிருப்பது 4050 மட்டுமே. எத்தனை வாட் என்பது ஸ்பெக் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும், சில சமயம் அதுகூட இருக்காது. ஒல்லியான உடம்பில் திணித்த பெரிய கார்டை விட, குண்டான உடம்பில் நிம்மதியாக ஓடும் சின்ன கார்டு நன்றாக உழைக்கும்.

போன மாதம் ஒரு பையன் இப்படி ஒரு கேமிங் லேப்டாப்பைக் கொண்டுவந்தான், "அண்ணா, பிளேன் மாதிரி சத்தம் போடுது, கேம் திக்குது" என்று. கீழ்மூடியைக் கழற்றினால் இரண்டு ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் தூசி கம்பளித் துணி மாதிரி படிந்து கிடந்தது. விரலால் கிள்ளி ஒரே துண்டாக எடுத்தேன். அவன் இரண்டு வருஷமாக அதை ஹாஸ்டல் மெத்தையில் வைத்து ஓட்டியிருக்கிறான். காற்று உறிஞ்சும் வாய் அடியில் இருக்கிறது, அது மெத்தையில் அழுந்திவிட்டால் எங்கிருந்து காற்று வரும்? சுத்தம் செய்து, சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் மாற்றிக் கொடுத்ததும் சத்தம் அடங்கிவிட்டது. ஹாஸ்டலில் மேஜை யாருக்கும் சரியாகக் கிடைப்பதில்லை, கட்டில்தான் மேஜை. இந்த வகை லேப்டாப் வாங்கினால் ஒரு பரீட்சை அட்டையாவது அடியில் வைக்கச் சொல்லுங்கள்.

எடையை நான் கடைக்கு எதிரே இருக்கும் மளிகைக் கடைத் தராசில் வைத்துக் காட்டுவது வழக்கம். ஸ்பெக்கில் 2.3 கிலோ என்று போட்டிருப்பார்கள், அதில் சார்ஜர் சேர்த்தி இல்லை. 180, 230 வாட் செங்கல் சார்ஜர் வயரோடு சேர்ந்து அரைக் கிலோவைத் தாண்டும். ஆக மூன்று கிலோவை நெருங்கிவிடும், அது பச்சரிசி மூன்று கிலோப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நாள் பூராவும் அலைவதற்குச் சமம். 14 இன்ச் சாதாரண லேப்டாப் 1.4 கிலோ, அதன் 65 வாட் டைப்-சி சார்ஜரைச் சேர்த்தாலும் ஒன்றே முக்கால் கிலோவுக்குள் முடிந்துவிடும். ஒரு நாள் தூக்கிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஹாஸ்டலிலிருந்து வகுப்பு, வகுப்பிலிருந்து லேப், அங்கிருந்து மெஸ், மூன்று வாரத்துக்கு ஒருமுறை திருச்சி பஸ் ஸ்டாண்டில் பையோடு ஓட்டம் என்று எட்டு செமஸ்டர் போகவேண்டும். கேமிங் லேப்டாப் வாங்கிய பிள்ளைகளில் பாதிப் பேர் இரண்டாவது செமஸ்டரிலேயே அதை ரூமில் வைத்துவிட்டு நோட்டுப் புத்தகத்தோடுதான் வகுப்புக்குப் போகிறார்கள். கேட்டால் "கனமா இருக்குண்ணா, சார்ஜும் நிக்காது" என்பார்கள்.

சார்ஜ் நிற்காததற்குக் கணக்கு சுலபம். பேட்டரி எத்தனை வாட்-ஹவர் என்று ஸ்பெக்கில் இருக்கும். அதை லேப்டாப் சராசரியாகக் குடிக்கும் வாட்டால் வகுத்தால் மணி நேரம் வந்துவிடும். பட்ஜெட் லேப்டாப்பில் 41, 42 வாட்-ஹவர் இருக்கும். பிரவுசர், பிடிஎஃப், வைஃபை என்று 8 வாட் குடித்தால் ஐந்து மணி நேரம். அதே 8 வாட்டுக்கு 57 வாட்-ஹவர் பேட்டரி இருந்தால் ஏழு மணி நேரம். விளம்பரத்தில் வரும் "18 மணி நேரம்" எல்லாம் வெளிச்சத்தைக் குறைத்து ஒரே வீடியோவை ஓடவிட்டு எடுத்த கணக்காகத்தான் பெரும்பாலும் இருக்கும், அதில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு விழித்துக்கொண்டால் 8 வாட் சாதாரணமாக 20 ஆகிவிடும். பேட்டரியில் ஓடும்போது அந்தக் கார்டுக்கு முழு மின்சாரமும் கிடைக்காது, பிளக்கைப் பிடுங்கினால் கேமிங் லேப்டாப்பின் வேகமும் பாதியாகிவிடும். பிளக் பாயிண்ட் கடைசி பெஞ்சில் மட்டும் இருக்கும் வகுப்பறைகளில் இது எப்படி வேலைக்காகும் என்று யோசியுங்கள்.

அதற்காகக் கேமிங் லேப்டாப்பே கூடாது என்றில்லை. வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போகிறவர், லேப்டாப் மேஜையை விட்டு நகரப்போவதில்லை, விளையாட்டும் உண்டு, அனிமேஷன், வீடியோ எடிட்டிங் எல்லாம் உண்டு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். தங்கச்சி கேம் ஆடுவாரா என்று நீங்கள் எழுதவே இல்லை. அவரிடம் கேட்டீர்களா?

மேக்புக் ஏருக்கு வருகிறேன். மாமா பையன் சொல்வது அவருக்குச் சரி. ஆப்பிளின் எம்4 சிப் போட்ட ஏர் 2025 மார்ச்சில் இந்தியாவில் 99,900 ரூபாய்க்கு வந்தது, எடை 1.24 கிலோ, ஃபேனே கிடையாது, சத்தமே வராது, நாள் முழுக்கச் சார்ஜ் நிற்கும். வேகம், எடை இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்துக் காட்டியது அந்த எம் வரிசைச் சிப்புகள்தான், 2020-இல் எம்1 வந்தபோது பிரித்துப் பார்த்து நானே வாயைப் பிளந்தேன். தங்கச்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருந்தால் "கடன் வாங்கியாவது வாங்குங்கள்" என்று சொல்லியிருப்பேன். எடுத்தது மெக்கானிக்கல். ஆட்டோகேடுக்கு மேக் பதிப்பு உண்டு, சாலிட்வொர்க்ஸுக்குக் கிடையாது, விண்டோஸ் மட்டும்தான். மேக்குக்குள் விண்டோஸைப் புகுத்தி ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். அது ஆர்ம் விண்டோஸ் (இன்டெல், ஏஎம்டி அல்லாத வேறு வகைச் சிப்புக்கானது), சாலிட்வொர்க்ஸ் அதை ஆதரிப்பதில்லை, அசைன்மென்ட் கொடுக்கவேண்டிய ராத்திரியில் மக்கர் பண்ணும். ஸ்னாப்டிராகன் சிப் (அதுவும் ஆர்ம் வகைதான்) போட்ட புது விண்டோஸ் லேப்டாப்களும் இதே காரணத்துக்காக உங்களுக்கு வேண்டாம். பேட்டரி பிரமாதமாக நிற்கும், ஆனால் இன்ஜினியரிங் மென்பொருள் பக்கம் தலைவலி.

இப்போது ரேம். இதில் நானே ஒருமுறை நன்றாக ஏமாந்தேன், சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. 2021-இல் என் பையனுக்கு ஆன்லைன் வகுப்புக்காக அவசரமாக ஒரு ஒல்லி லேப்டாப் வாங்கினேன். பார்க்க அழகு, 1.3 கிலோ, விலையும் கட்டுப்படியாக இருந்தது. 8 ஜிபி ரேம், "அப்புறம் ஏத்திக்கலாம்" என்று நினைத்தேன். தினமும் ஊரார் லேப்டாப்பைப் பிரிக்கிறவன், என் சொந்த லேப்டாப்பின் ஸ்பெக்கில் ரேம் ஸ்லாட் உண்டா என்று பார்க்கவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து மூடியைக் கழற்றினால் ரேம் சிப் அத்தனையும் போர்டிலேயே சால்டர் செய்திருக்கிறது, ஸ்லாட் என்று ஒரு ஓட்டைகூட இல்லை. விண்டோஸ், பிரவுசர், வாட்ஸ்அப் திறந்தாலே 8 ஜிபியில் முக்கால்வாசி போய்விடும். இன்றைக்கும் அந்த லேப்டாப் வீட்டில் பாட்டு கேட்கத்தான் பயன்படுகிறது.

அதனால் 16 ஜிபி, அதில் பேரமே கிடையாது. ஒன்று, வாங்கும்போதே 16 இருக்கவேண்டும். இல்லை, போர்டில் 8 இருந்து காலி ஸ்லாட் ஒன்று இருக்கவேண்டும். இன்னொரு நுணுக்கம்: தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் கிராபிக்ஸ் வேலைக்கும் அதே ரேம்தான், அதனால் ரேம் இரண்டு சேனலாக (தரவு போய்வர இரண்டு பாதையாக) இருப்பது முக்கியம். டிடிஆர்4-3200 என்ற வகை ரேம் ஒரு சேனலில் நொடிக்கு 25.6 ஜிபி தள்ளும், இரண்டு சேனலில் 51.2. சிப்போடு வரும் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் உள்ள இன்டெல் லேப்டாப்பில் ஒரே ஒரு ரேம் ஸ்டிக் மட்டும் இருந்தால் டிவைஸ் மேனேஜரில் வெறும் யுஹெச்டி கிராபிக்ஸ் என்று காட்டும். இரண்டாவது ஸ்டிக்கை மாட்டி ஆன் செய்தால் அதே சிப் ஐரிஸ் எக்ஸ்இ என்று பெயர் மாறி நிற்கும். வாடிக்கையாளர் முன்னாலேயே செய்து காட்டுவேன், மந்திரம் போட்ட மாதிரி பார்ப்பார்கள். முன்பெல்லாம் "8 ஜிபி வாங்குங்கள், மீதியைச் சென்னை ரிச்சி தெருவில் (எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு) மலிவாக வாங்கி மாட்டிக்கலாம்" என்று சொல்வேன். 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் ரேமை வாரிக்கொண்டு போவதில் விலை ஏறிக் கிடக்கிறது, இப்போது அந்தக் கணக்கு ஒத்துவராது. வாங்கும்போதே 16 ஆக வாங்கிவிடுங்கள். எஸ்எஸ்டி 512 போதும், அதைப் பின்னால் மாற்றிக்கொள்வது பெரும்பாலும் பத்து நிமிட வேலை.

திரையில்தான் கம்பெனிகள் சத்தமில்லாமல் காசை மிச்சம் பிடிக்கும். 250 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு), 45 சதவீதம் என்டிஎஸ்சி (எவ்வளவு நிறம் காட்டும் என்ற அளவு) என்று இருந்தால் நிறம் வெளுத்து, ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் உங்கள் முகம்தான் திரையில் தெரியும். குறைந்தது 300 நிட்ஸ், முடிந்தால் 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி (இதுவும் நிற அளவுதான்). நாலு வருஷம் தினமும் கண் பார்க்கப்போவது சிப்பை இல்லை, இந்தத் திரையை. ஒரு படி குறைந்த சிப், ஒரு படி நல்ல திரை என்று இரண்டு மாடல் ஒரே விலையில் இருந்தால் நான் திரை பக்கம்தான் சாய்வேன். 14 இன்ச்சில் 16:10 திரை என்றால் உயரம் கூடுதல், டிராயிங் பார்க்க வசதி. 15.6 இன்ச் வேண்டும் என்று தோன்றினால் வீட்டில் பழைய மானிட்டரோ டிவியோ இருந்தால் அதில் மாட்டிக்கொள்ளலாம்.

கீல் பற்றி யாரும் எழுதமாட்டார்கள், ஆனால் என் மேஜைக்கு வரும் கேஸில் பெரும்பங்கு அதுதான். மலிவு லேப்டாப்பில் கீலைப் பிடித்திருக்கும் திருகு, பிளாஸ்டிக் தூண் ஒன்றுக்குள் அழுத்தி வைத்த குட்டிப் பித்தளை நட்டில் இறங்கியிருக்கும். கீல் நாளாக ஆக இறுகும். ஒரு மூலையைப் பிடித்து ஒற்றைக் கையால் தினமும் திறந்தால் அந்த நட்டு பிளாஸ்டிக்கோடு பிய்த்துக்கொண்டு வரும், மூடும்போது பக்கவாட்டில் வாய் பிளக்கும். சிலர் ஃபெவிக்விக் ஊற்றிக்கொண்டு வருவார்கள், அது இன்னும் மோசம். கடையில் டெமோ லேப்டாப்பைத் திறந்து மூடிப் பாருங்கள், கீபோர்டின் நடுவில் விரலால் அழுத்துங்கள், தொட்டில் மாதிரி குழிந்தால் வேண்டாம். ஆன்லைனில்தான் வாங்கப்போகிறீர்கள் என்றாலும் ஒருமுறை கடைக்குப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

அப்பா சொல்லும் முப்பதாயிரம். அந்த விலையில் புது லேப்டாப் பக்கம் போகாதீர்கள். நான் மேலே திட்டிய அத்தனையும் ஒரே பெட்டியில் இருக்கும். ஆனால் அந்த விலைக்கும் கீழே, கம்பெனிகள் குத்தகை முடித்துத் தள்ளிவிடும் திங்க்பேட், லாட்டிட்யூட் மாதிரி ஆபீஸ் லேப்டாப்களைச் சுத்தம் செய்து விற்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் அடுக்கி வைத்திருப்பார்கள், திருச்சியிலும் கிடைக்கும். கீபோர்டும் கீலும் புது அறுபதாயிரம் ரூபாய் லேப்டாப்பை விட உறுதியாக இருக்கும். 2018-இன் திங்க்பேட் டி480-ஐ இன்றும் என் மேஜையில் வைத்திருக்கிறேன், இரண்டு ரேம் ஸ்லாட், வெளியே கழற்றி மாட்டும் பேட்டரி, எது போனாலும் நானே மாற்றிக்கொள்வேன். இதில் பார்க்கவேண்டியது: இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம், ஏனென்றால் விண்டோஸ் 11 அதற்குக் கீழே முறைப்படி ஏறாது, விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அப்புறம் ஆன் செய்து பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறுமுன் வரும் அடிப்படை அமைப்பு) போய்ப் பாருங்கள், பாஸ்வேர்ட் கேட்டால் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். பேட்டரி ரிப்போர்ட் எடுக்க விண்டோஸிலேயே கட்டளை இருக்கிறது, புதிதில் எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று இரண்டு எண் வரும். கடைக்காரரையே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

கையில் 70,000 இருக்கும்போது நாலு வருஷப் படிப்புக்குப் பழசு எடுக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, வாரண்டி என்று ஒன்று இருக்கிறதே. ஆனால் பட்ஜெட் திடீரென்று சுருங்கினால் மலிவுப் புதுசுக்குப் போகாமல் நல்ல பழசுக்குப் போங்கள்.

ஆக, என் கடைக்கு வந்து நீங்கள் கேட்டிருந்தால் நான் எழுதிக் கொடுக்கும் சீட்டு இதுதான்: 14 இன்ச், ஒன்றரைக் கிலோவுக்குள், 16 ஜிபி ரேம், 512 எஸ்எஸ்டி, 300 நிட்ஸ் ஐபிஎஸ் திரை (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை), 50 வாட்-ஹவருக்கு மேல் பேட்டரி, டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறவேண்டும். சிப், இன்டெல்லின் கோர் அல்ட்ரா 5 125ஹெச் மாதிரி ஒன்று தள்ளுபடியில் மாட்டினால் அமுக்கிவிடுங்கள், இல்லையென்றால் ரைசனில் அந்த மூன்றாவது இலக்கம் 3 அல்லது 4 இருந்தால் போதும், அதுவும் இல்லையென்றால் இன்டெல் 13-ஆம் தலைமுறை ஹெச். கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். கம்பெனி எது என்று கேட்டால், புதுக்கோட்டையிலோ கோயம்புத்தூரிலோ யாருக்கு சர்வீஸ் சென்டர் கிட்டத்தில் இருக்கிறதோ அது. இதெல்லாம் 60,000 சுற்றில் முடிந்தால் மிச்சத்தில் கீழே விழுந்தாலும் செல்லுபடியாகும் வாரண்டியை இரண்டு மூன்று வருஷத்துக்கு எடுத்துவிடுங்கள். ஹாஸ்டலில் லேப்டாப் மேல் தண்ணீர் பாட்டில் கவிழ்வது எப்போது என்பதுதான் கேள்வி.

அவசரம் இல்லையென்றால் ஆடித் தள்ளுபடி, தீபாவளி சமயத்தில் கார்டு ஆஃபரோடு நாலைந்தாயிரம் குறையும், ஆனால் முதல் செமஸ்டர் பாதி போய்விடும், அது உங்கள் இஷ்டம். "வட்டியில்லா இஎம்ஐ" என்று சொன்னால் பிராசசிங் கட்டணமும் வட்டி மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் எவ்வளவு என்று கேளுங்கள். பெட்டி வந்த அன்றே பிரிக்கும்போது மொபைலில் வீடியோ எடுத்துக்கொண்டு, டாஸ்க் மேனேஜரில் ரேம் சொன்ன அளவு இருக்கிறதா என்று பாருங்கள், வெள்ளைத் திரை வைத்துப் புள்ளி ஏதாவது செத்திருக்கிறதா பாருங்கள், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு நாள் முழுக்கச் சார்ஜர் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் அமைப்பு அந்தந்தக் கம்பெனி ஆப்பிலேயே இருக்கும், ஹாஸ்டலில் எப்போதும் பிளக்கில் இருக்கும்போது அதைப் போட்டு வைத்தால் பேட்டரி ஊதும் வாய்ப்பு குறையும்.

கடைசியாக ஒரு ஐந்நூறு ரூபாயை ஒதுக்கி வையுங்கள். நடுவில் அழுத்துகிற சக்கரம் உள்ள நல்ல வயர் மவுஸ் ஒன்று வாங்கிக் கொடுங்கள். சாலிட்வொர்க்ஸில் மாடலைச் சுழற்றிப் பார்ப்பது முழுக்க அந்தச் சக்கரத்தை அழுத்திப் பிடித்துத்தான், டச்பேடை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முயன்றால் ஒரு லட்சம் ரூபாய் லேப்டாப்பிலும் அழுகைதான் வரும்.